கச்சேரிக்கு முன்பே பேச்சு வந்தது

1916-இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது, தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் தம் மகள்களையும் அழைத்துக்கொண்டு போனார். ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதிகள் என்பது அறிஞர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கணக்கு. இருபத்துநான்கு என்பது பண்டிதரின் கணக்கு. அவர் வாதத்தை முன்வைக்க, மகள்கள் பாடிக்காட்டினார்கள். அந்த மேடையில் பாட்டு ஒரு சான்று. பாடிய பிறகு கேட்டவர்கள் கைதட்டுவதோடு எழுந்து போய்விட முடியாது, ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். பண்டிதர் அதற்கு முன்பே, 1912 தொடங்கி, தஞ்சையில் தம் சொந்தச் செலவில் இப்படிப்பட்ட மாநாடுகளை நடத்திப் பழகியவர். அடுத்த ஆண்டு அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது.

இன்று சென்னையின் மார்கழி சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. யார் எந்தச் சபாவில் எந்த நாள், யாருக்கு ஏழு மணி, எந்த கேன்டீனில் என்ன விசேஷம் என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை; சீசன் என்பது ஊர்த்திருவிழா, திருவிழாவில் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பது? ஆனால் ஓர் இசை அரங்கு தன் ஆண்டு நிரலை எப்படி அமைக்க வேண்டும், கச்சேரிக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு, நாடகத்துக்கும் திரையிடலுக்கும் இடம் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், விடையைச் சீசனின் பிறப்பிலேயே தேட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சீசன் பிறந்ததே பேசுவதற்காக.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. கர்நாடக இசைக்குத் தரம் வகுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று அங்கே எழுந்த எண்ணத்தின் விளைவுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி. பி. ராமசுவாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். டாக்டர் யு. ராமராவ் முதல் தலைவர். ஆண்டுதோறும் மாநாடு கூடும், அறிஞர்களும் வித்வான்களும் உட்கார்ந்து விவாதிப்பார்கள், வந்தவர்கள் கேட்க மாலையில் கச்சேரிகளும் இருக்கும். இதுதான் ஏற்பாடு. கச்சேரிகள் மாநாட்டின் நிழலில் வளர்ந்தவை. இன்று நிழல் பெரிதாகிவிட்டது.

அந்தத் தொடக்கக் காலத்தின் காரியங்களைப் பார்த்தால் பேச்சு எவ்வளவு வேலை செய்தது என்பது தெரியும். ஒரு ராகத்துக்கு எது லட்சணம், இந்தப் பிரயோகம் சரியா, அந்த ஸ்வரம் வருமா என்று வித்வான்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் பாட்டனார் வழிப் பாடத்தைப் பாடிக்காட்டுவார், இன்னொருவர் அதை மறுத்து வேறொரு கீர்த்தனத்தைப் பாடுவார். 1930 முதல் அகாடமி வெளியிட்டுவரும் ஆண்டிதழில் இந்த விவாதங்களின் பதிவுகள் இருக்கின்றன. டி. வி. சுப்பாராவும், பிறகு 1944 முதல் 1979 வரை செயலாளராக இருந்த டாக்டர் வே. ராகவனும் இந்தப் பணியைத் தாங்கிப்பிடித்தவர்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் தெலுங்கு எழுத்தில் பதிப்பித்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1961 தொடங்கிப் பகுதி பகுதியாகத் தமிழில் கொண்டுவந்ததும் அகாடமிதான். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்களை இன்று எந்தப் பாடகராவது “பிரதர்சினிப் பாடப்படி” என்று சொல்லிப் பாடினால், அதற்குப் பின்னால் அறிஞர்களின் அந்தப் பொறுமையான மேசை வேலை இருக்கிறது.

விவாதம் கலைக்குக் கூட்டம் சேர்த்த கதையும் உண்டு. 1931 மார்ச்சில் இ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் அகாடமியில் ‘கல்யாணி பெண்கள்’ என்று அழைக்கப்பட்ட ராஜலட்சுமி, ஜீவரத்தினம் சகோதரிகளின் சதிர் (இன்றைய பரதநாட்டியம்) நடந்தது. வந்தவர்கள் சொற்பம். அடுத்த ஆண்டு தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடிக்கொண்டிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் கிருஷ்ண ஐயருக்கும் இடையே பத்திரிகைகளில் கடிதப் போர் மூண்டது. ஒரு வழக்கத்தின் கொடுமையை ஒழிக்கும்போது அந்தக் குலம் காத்த கலையையும் சேர்த்து ஒழிக்கலாமா என்று ஒரு பக்கம். மேடையில் வைத்துப் பாராட்டினால் அந்த வழக்கத்துக்கே மரியாதை தருவதாகாதா என்று மறுபக்கம். 1933 ஜனவரியில் அதே சகோதரிகள் மறுபடி ஆடியபோது அரங்கு நிரம்பியது. அந்த ஆண்டே தஞ்சாவூர் பாலசரஸ்வதியும் அகாடமி மேடையில் ஆடினார். முத்துலட்சுமி ரெட்டியின் கேள்விகள் நியாயமானவை. அவற்றில் சில இன்றுவரை முழுப் பதில் பெறவில்லை. ஆனால் ஒரு சபா தன் நிரலில் எதைச் சேர்க்கிறது என்பது ஊரே பேசும் விஷயமாக இருந்த காலம் அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்தாண்டு கழித்து இன்னொரு சண்டை வந்தது, இன்னும் பெரியது. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி அரைமணி நேரம்? 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடு அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டது. அகாடமி எதிர்ப்பக்கம் நின்றது. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமரிசனம் எழுதிப் பெயர்பெற்றிருந்த கல்கி தமிழிசையின் பக்கம் நின்று எழுதித்தள்ளினார். 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். சென்னைக்கு இன்னொரு டிசம்பர் விழா கிடைத்தது, 1952-இல் பாரிமுனைக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றமும் எழுந்தது. அகாடமிக்குச் சொந்தக் கட்டடம் வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. நேரு 1955-இல் அடிக்கல் நாட்டிய அரங்கு 1962-இல்தான் திறந்தது.

தமிழ் இசைச் சங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பாடல் கொள்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கண்ணுக்கு அதன் பெரிய கொடை 1949 முதல் அது நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டம். தேவாரப் பண் எந்த ராகத்தோடு பொருந்துகிறது, ஏடும் ஓதுவார் மரபும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஓதுவார்களும் வித்வான்களும் தமிழறிஞர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். தமிழிலேயே பேசினார்கள். அகாடமியின் காலை அமர்வுகள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடப்பதை நினைத்தால் இந்த வேறுபாடு சின்னது இல்லை. ஓர் ஓதுவாரோ நாகஸ்வரக்காரரோ எழுந்து நின்று தயங்காமல் மறுப்புச் சொல்ல முடியும் என்றால்தான் அது விவாதம்.

இந்த மரபின் இரண்டு பெரியவர்களை இங்கே நினைக்காமல் போக முடியாது. ஒருவர் ஈழத்தின் விபுலானந்த அடிகள். 1947-இல் அவருடைய ‘யாழ் நூல்’ சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. புத்தக வெளியீடு, ஆய்வுரை, இசை மூன்றும் ஒரே விழாவாக நடந்த அரிய சந்தர்ப்பம் அது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். மற்றவர் குடந்தை ப. சுந்தரேசனார். சிலப்பதிகாரத்தையும் தேவாரத்தையும் பாடிப் பாடியே விளக்கியவர். அவர் பேச்சில் எங்கே உரை முடிந்து எங்கே பாட்டுத் தொடங்கியது என்று பிரிக்க முடியாது. பெரிய சபாக்களின் ஏழு மணி மேடை அவருக்கு வாய்க்கவில்லை. ஊர் ஊராகப் போனார்.

உரையும் பாட்டும் ஒன்றாகப் போவது நமக்குப் புதிதும் இல்லை. சென்னைச் சபாக்கள் காலூன்றியதே ஹரிகதையால்தான். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் வகுத்துக்கொடுத்த வழியில் கதை, பாட்டு, நகைச்சுவை, உபதேசம் எல்லாம் ஒரே மேடையில் நான்கைந்து மணி நேரம் நடக்கும். ஒரு பெண் ஹரிகதை செய்வதா என்ற எதிர்ப்பைத் தாண்டி வந்த சி. சரஸ்வதி பாய்க்குக் கூடிய கூட்டம் அந்தக் காலத்து வித்வான்கள் பொறாமைப்படும்படி இருந்தது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வளர்ந்த இசை நாடக உலகம் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே ‘கச்சேரிதான் சபா, மற்றதெல்லாம் ஒட்டு’ என்ற எண்ணம் மரபைச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அது பின்னால் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பேசும் நாடகங்கள் ஹரிகதையின் இடத்தைப் பிடித்தன. ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் ஆகியவை சபா மேடையில் வளர்ந்தவை. ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’ முதலியவை மேடையிலிருந்து திரைக்குப் போனவை. 1968-இல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’ மூன்றே ஆண்டில் படமானது. மாதச் சந்தா கட்டிய குடும்பம் மாதம் ஒரு நாடகம், ஒரு கச்சேரி என்று ஆண்டு முழுவதும் சபாவுக்கு வந்துபோனது. அந்த வழக்கம்தான் சபாவின் அஸ்திவாரம். 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த இருபதாண்டுகளில் மாலை நேரத்துக் குடும்பங்களை அது வீட்டோடு நிறுத்திவைத்தது. நாடகம் தளர்ந்தது, கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா போன்ற சில முயற்சிகள் அதை இன்னும் மூச்சோடு வைத்திருக்கின்றன. பன்னிரண்டு மாதமும் இயங்கிய பல சபாக்கள் டிசம்பர் சபாக்களாகச் சுருங்கின. சுருங்கியதன் விளைவு, இருந்த நேரம் எல்லாவற்றிலும் கச்சேரியைத் திணிக்கும் பழக்கம்.

பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஏழு மணி என்று ஒரே நாளில் ஒரே மேடையில் நான்கு கச்சேரிகள். பிற்பகலில் பாடும் இளைஞருக்கு அனுமதி இலவசமாக இருந்தும் கேட்க ஆள் குறைவு. வாய்ப்புக்காகச் சில சபாக்கள் ‘நன்கொடை’ எதிர்பார்க்கின்றன என்ற புகார் பல ஆண்டுகளாகக் காதில் விழுகிறது. மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் செதுக்கிய கச்சேரி முறை நெகிழ்வானது, அவர் கையில் அது ஓடும் நீராக இருந்தது. இன்று கடிகாரத்துக்குள் மாட்டிக்கொண்டு வர்ணம், நடுவில் ஒரு ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடா என்று அச்சில் வார்த்தாற்போல வருகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகும் ரசிகரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மிருதங்கக்காரர் என்ன கணக்கு வாசிக்கிறார் என்று அவருக்கு யாரும் எப்போதும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் இடம்தான் காலை அமர்வு.

காலை எட்டு மணிக்கு அகாடமியில் நடக்கும் லெக்டெமுக்கு, அதாவது பாடிக்காட்டி விளக்கும் உரைக்கு, டிக்கெட் கிடையாது. அந்த ஆண்டின் சங்கீத கலாநிதிதான் தலைவர். உரை முடிந்ததும் அவர் கருத்துச் சொல்வார். விருது என்று உலகம் கொண்டாடுவது உண்மையில் இந்தத் தலைமைப் பொறுப்புக்கான மரியாதை. 1968-இல் எம். எஸ். சுப்புலட்சுமி முதல் பெண் தலைவரானார், 1970-இல் டி. கே. பட்டம்மாள், 1973-இல் பாலசரஸ்வதி. கிருஷ்ண கான சபா 1981 முதல் நடத்தும் நாட்டிய கலா மாநாடு நடனத்துக்கு இதே வேலையைச் செய்கிறது. தரமான உரைகள் இவற்றில் வருகின்றன. சில யூடியூபிலும் கிடைக்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எட்டு மணிக்கு வரக்கூடியவர் ஓய்வுபெற்றவரும் இசைக் கல்லூரி மாணவரும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவரும்தான். கணக்கு எழுதும் குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியரோ எப்படி வருவார்? கேள்வி நேரம் ஐந்து நிமிடம். காலையில் ஒரு ராகத்தைப் பற்றிப் பேசியதற்கும் மாலையில் அதே மேடையில் பாடுவதற்கும் தொடர்பு இருப்பதில்லை. முன்காலத்தில் காலையில் தோற்ற வாதம் மாலையில் பாட்டாகத் திரும்பிவரும். இன்று இரண்டும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் ஒன்றோடொன்று பேசாத இரண்டு குடித்தனங்கள்.

பேச்சு, நிகழ்த்துதல், திரைப்படம் மூன்றும் ஒரே கலைஞரைச் சுற்றி நின்ற ஓர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க ஆண்டு விழாவில் பாலசரஸ்வதி தலைமை உரை ஆற்றினார். பரதநாட்டியத்தின் மார்க்கத்தை ஒரு கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு, அலாரிப்பைக் கோபுரத்தில் தொடங்கி, மண்டபங்கள் வழியே உள்ளே கூட்டிப்போய்ப் பதத்தில் கருவறையைக் காட்டிய உரை அது. அந்தச் சீசனில் நடந்த எத்தனையோ கச்சேரிகளை யாருக்கும் நினைவில்லை. அந்த உரையை இன்றும் உலகமெங்கும் நடன மாணவர்கள் படிக்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1976-இல், சத்யஜித் ராய் ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். மும்பை தேசிய நிகழ்கலை மையமும் தமிழக அரசும் அதற்குத் துணை நின்றன. அதில் கடற்கரைக் காற்றில் புடவைத் தலைப்பு படபடக்க அவர் அபிநயம் பிடிக்கும் காட்சி விமரிசகர்களை இரண்டாகப் பிரித்தது. காற்று அபிநயத்தைக் கெடுத்தது என்பார்கள் சிலர். எனக்கு அந்தக் காற்று பிடிக்கும். எது எப்படியானாலும், அவருடைய உரையைப் படித்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய பாணியில் பயின்ற ஒருவரின் பதத்தை மேடையில் காண்கிற ரசிகர் வேறு ரசிகராகத்தான் வெளியே வருவார். மூன்றையும் ஒரே வாரத்தில், ஒரே அரங்கில், ஒரு திட்டத்தோடு கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

திரையிடல் என்றதும் சபாக் காரியதரிசிகள் முகம் சுளிக்கலாம். சினிமாவும் சங்கீதமும் நம்மிடம் பிரிந்து வாழ்ந்ததில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1935-இல் ‘பக்த நந்தனா’ரில் கே. பி. சுந்தராம்பாளோடு மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். அடுத்த ஆண்டு பாபநாசம் சிவன் ‘பக்த குசேலா’வில் குசேலரானார். 1938-இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் ‘துக்காராம்’. 1940-இல் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் எம். எஸ். சகுந்தலையாகவும் நடித்தார்கள். அதே ஆண்டு நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ‘காளமேக’த்தில் கவியாக வந்தார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நந்தனார், 1945-இல் எம். எஸ். ‘மீரா’. இவற்றில் ‘சகுந்தலை’, ‘காளமேகம்’, ‘மீரா’ மூன்றையும் இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். கச்சேரி மேடையில் அக்காலத்தவர் எப்படி அமர்ந்தார்கள், எப்படி வாயைத் திறந்தார்கள், குரலை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு இந்தப் பிரேம்களை விட்டால் நமக்கு வேறு காட்சிச் சான்று மிகக் குறைவு. எல்லாப் படங்களும் கிடைக்காது. நைட்ரேட் சுருளில் போனது போனதுதான். கிடைப்பதைப் புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் தனியார் சேகரிப்புகளிலும் தேடிப்பிடிக்க வேண்டும். உரிமை யாரிடம் என்று விசாரிக்க வேண்டும். வேலைதான். சீசனின் கேன்டீனுக்கு ஏலம் நடத்துகிறவர்களால் முடியாத வேலை இல்லை.

இதை நடத்திக்காட்டியவர்கள் அதே புனேயில் இருக்கிறார்கள். பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-இல் தொடங்கிய விழா நம் சீசனைப் போலவே டிசம்பரில் வருகிறது. பெரிய பந்தலில் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகள்தான் அதன் முகம். விழா நாட்களின் காலையில் வேறொரு சிறிய கூடத்தில் ‘ஷட்ஜ’ என்ற பெயரில் இசைக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களைக் காட்டுகிறார்கள், ‘அந்தரங்’ என்ற பெயரில் கலைஞர்களோடு உரையாடுகிறார்கள். இரவில் கேட்கப்போகும் கலைஞர் தம் குருவைப் பற்றி, தம் தோல்விகளைப் பற்றி, காலையிலேயே பேசக் கேட்ட ரசிகர் பந்தலுக்குள் நுழையும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை விழாவிலும் கச்சேரியோடு போட்டிகளும் விளக்க நிகழ்ச்சிகளும் கலந்தே இருக்கின்றன. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கலவைதான் பள்ளிக்கூடம்.

பேச்சைச் சபாக்கள் ஓரத்தில் வைப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பேச்சு ஆபத்தானது. கச்சேரி முடிந்தால் மங்களம். பேச்சு முடிந்தால் கேள்வி. மிருதங்கம் செய்யும் தோல் தொழிலாளர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, 2020 ஜனவரியில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வெளியீடு ஓர் இதழியல் கல்லூரியில் நடந்தது. 2024-இல் அவரைச் சங்கீத கலாநிதியாக அகாடமி அறிவித்தபோது சில கலைஞர்கள் அந்த ஆண்டு அங்கே பாட மறுத்தார்கள், எம். எஸ். பெயரால் வழங்கப்படும் விருதைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் வாசகருக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் பெரும்பாலும் முகநூலிலும் கடிதங்களிலும் நடந்தது. 1930-களின் அகாடமியாக இருந்திருந்தால் இரு தரப்பையும் மேடைக்கு அழைத்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்தை நான் கொஞ்சம் பொன்முலாம் பூசிப் பார்க்கிறேனோ என்னவோ. தமிழிசைச் சண்டையில் அதே அகாடமி கதவைச் சாத்தியதும் உண்மைதான்.

சபாவுக்கு வெளியே கலவை விழாக்கள் முளைத்துவிட்டன. 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குடியிருப்பில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, பறையாட்டத்தையும் கர்நாடக இசையையும் ஒரே மேடையில் வைத்தது. மயிலாப்பூர், லஸ் பக்கத்துச் சிறிய கூடங்களில் ஐம்பது பேருக்காக நடக்கும் மாலை உரைகளும் கேட்பு அமர்வுகளும் பெருகியிருக்கின்றன. கொரோனா ஆண்டான 2020-இல் சீசன் பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறியபோது, திரைவழி ரசனை என்பது ரசிகர்களுக்கு ஒவ்வாத சமாசாரம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டம் வந்துவிட்டது, பட்டத்துக்கேற்ற நிரல் பெரிய சபாக்களிடமிருந்து வரவில்லை.

என் தீர்ப்பு கச்சேரிகளுக்கு எதிரானதன்று. நல்ல தோடி ஒன்றுக்கு ஈடாக நூறு சொற்பொழிவுகளைக் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தோடி வேண்டுமானால் கச்சேரிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி நாற்காலிகளுக்குப் பாடும் இளைஞருக்கு வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணி கிடைக்க வேண்டும். அவர் பாடப்போகும் பல்லவியைப் பற்றி அவரே தமிழில் கால் மணி நேரம் பேசிவிட்டுப் பாடட்டும். லெக்டெமில் ஒன்றிரண்டாவது வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்துக்கு மாற வேண்டும், கேள்வி நேரம் உரை நேரத்துக்குச் சமமாக வேண்டும். நாகஸ்வரத்தைத் தொடக்க நாள் மங்கள இசையோடு அனுப்பிவைக்காமல், ராஜரத்தினம் பிள்ளையின் ஒலித்தட்டுகளைக் கேட்டுப் பேசும் ஒரு மாலையும், அதைத் தொடர்ந்து மூன்று மணி நேர நாகஸ்வரக் கச்சேரியும் வைக்கலாம்.

1927 மாநாட்டுக்கு 2027 டிசம்பரோடு நூறு ஆண்டு நிறைகிறது. 2028 ஆகஸ்டில் அகாடமிக்கு நூறு. நூற்றாண்டு மலரும் பொன்னாடையும் எப்படியும் வரும். அவற்றோடு நிற்காமல், அந்த ஒரு சீசனிலாவது பழைய ஆண்டிதழ்களிலிருந்து பத்து விவாதங்களைத் தேர்ந்தெடுத்து, இன்றைய வித்வான்களை எதிரெதிரே உட்காரவைத்து, பொதுமக்கள் முன்னால் மறுபடி நடத்தும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தா கட்டும் ரசிகர்களும் இந்த வேண்டுகோளை அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.